பாரதி பாட்டுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ்: அவ்வை சண்முகம் நடத்திய காப்புரிமைப் போராட்டம்

சென்னை கோபாலபுரம் பக்கம் போகிறவர்களுக்கு அவ்வை சண்முகம் சாலை தெரியும். பழைய பெயர் லாயிட்ஸ் ரோடு. கமல்ஹாசனின் ‘அவ்வை சண்முகி’ என்ற பட தலைப்பும் இவர் ஞாபகமாக வைத்ததுதான். சிறுவன் கமல் நடிப்பு பழகியது இவருடைய நாடகக் குழுவில். ஆனால், இன்னைக்கு நீங்க யாரையும் கேட்காமல் பாரதி பாட்டைப் பாடி ரீல்ஸ் போட முடிகிறதே, அதற்கும் சண்முகத்துக்கும் சம்பந்தம் உண்டு. அது பலருக்குத் தெரியாது.

டி.கே.சண்முகம் பிறந்தது 1912-ல். அப்பா கண்ணுசாமிப் பிள்ளையும் நாடக நடிகர். ஆறு வயதில், அண்ணன்கள் சங்கரன், முத்துசாமியோடு சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாமே மேடைதான். இந்தப் பையனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை சுவாமிகள் ஒரே ராத்திரியில் எழுதினார் என்பார்கள். 1925-ல் சகோதரர்கள் சொந்தமாக கம்பெனி தொடங்கினார்கள். கடைசித் தம்பி பகவதியும் சேர்ந்து, டி.கே.எஸ். சகோதரர்கள் என்றால் தமிழ்நாடே அறியும் என்ற நிலை வந்தது. 1940-களில் கிழவி வேஷம் கட்டி ஔவையாராக நடித்ததில் ‘அவ்வை’ பட்டம் ஒட்டிக்கொண்டது.

இவர்களுக்கு பாரதி மேல் தனிப் பிரியம். 1935-ல் வந்த இவர்களுடைய ‘மேனகா’, பாரதி பாட்டு ஒலித்த ஆரம்பகால சினிமாக்களில் ஒன்று. அப்போது எந்தத் தகராறும் இல்லை.

தகராறு வந்தது 1948-ல், ‘பில்ஹணன்’ படத்தில். அதில் பாரதி பாட்டு இருந்ததால் ஏவி.எம். தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. எப்படி? 1921-ல் பாரதி இறந்தபோது குடும்பத்துக்குப் பெரிய சொத்து எதுவும் இல்லை. வறுமையில் புத்தக உரிமை, பாரதியின் தம்பி விஸ்வநாதன் தரப்புக்குப் போனது. ஒலிப்பதிவு உரிமையோ தனியாகப் பிரிந்து, ஜேசிங்லால் மேத்தா என்ற நகை வியாபாரியிடம் விற்கப்பட்டது. அவரிடமிருந்து ஏவி.மெய்யப்ப செட்டியார் விலைக்கு வாங்கினார். 1947-ல் வந்த ஏவி.எம்மின் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தன. செட்டியாரை வில்லனாக்குவது சுலபம். அது நியாயமில்லை, அவர் சட்டப்படி காசு கொடுத்து வாங்கியவர். கோளாறு சட்டத்தில்தான். அன்றைய 1914 சட்டப்படி, எழுதியவர் இறந்து 50 வருஷம் வரை உரிமை ஓடும். அதாவது 1971 வரை பாரதி பாட்டு யாரோ ஒருவரின் கைச்சொத்து.

சண்முகம் பணத்தைக் கொடுத்து சமாதானமாகப் போயிருக்கலாம். சினிமாவில் அதுதானே வழக்கம்? அவர் போகவில்லை. பாரதி பாட்டு மக்களுடையது என்று சட்டப்படியே எதிர்த்து நின்றார். கோர்ட்டோடு நிற்காமல் விஷயம் தெருவுக்கும் வந்தது. எழுத்தாளர் நாரண துரைக்கண்ணன் முன்னின்ற பாரதி விடுதலைக் கழகத்தில் அவரும் இறங்கினார். ஜீவா போன்றவர்களும் குரல் கொடுத்தார்கள். எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் பாரதி குடும்பத்தை மறந்துவிடவில்லை என்பது. மனைவி செல்லம்மாள், மகள்கள் தங்கம்மாள், சகுந்தலா ஆகியோரின் சம்மதத்தோடுதான் அரசிடம் போனார்கள்.

1949 மார்ச்சில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, பாரதி படைப்புகளை அரசே வாங்கிக்கொள்ளும் என்று சட்டசபையில் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் அறிவித்தார். மெய்யப்ப செட்டியார் தன் உரிமையைக் காசு வாங்காமலே கொடுத்துவிட்டார். குடும்பத்துக்கும் விஸ்வநாதனுக்கும் அரசு பணம் கொடுத்தது. சில வருஷங்களில் பாட்டுகள் மொத்தமும் பொதுவுடைமை ஆயின. எழுத்தாளர் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து நூல்களை நாட்டுடைமையாக்கும் தமிழக வழக்கம் அங்கே தொடங்கியது. அப்படி வந்த நிறைய நூல்களை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இப்போது போனிலேயே படிக்கலாம்.

சண்முகம் அதற்குப் பிறகும் மேடையை விடவில்லை. ‘எனது நாடக வாழ்க்கை’ என்று சுயசரிதை எழுதினார். 1971-ல் பத்மஸ்ரீ. 1973-ல் மறைந்தார்.

சரி, இன்றைய நிலைமை? எழுதியவர் ஆயுளுக்குப் பிறகு 50 வருஷம் என்பதை 1992-ல் 60 ஆக்கினார்கள். 2012 திருத்தத்தில் டிஜிட்டல் பூட்டுகளை உடைப்பதும் குற்றமானது. பாரதியை மட்டும் இதெல்லாம் தொடாது. படவேட்டில் செண்பகத்தோப்பு அணையை வீடியோ எடுத்து, பின்னணியில் பாரதி வரிகளை உங்க சொந்த மெட்டில், சொந்தக் குரலில் பாடிப் போட்டால் சட்டப்படி யாரும் உரிமை கோர முடியாது. அதே வீடியோவுக்கு சினிமாவில் வந்த பதிவை எடுத்துப் போட்டால் யூடியூபில் காப்புரிமை க்ளெய்ம் வரலாம். வரிகள்தான் விடுதலையானவை. மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை உண்டு, ஒலிப்பதிவுக்கு மட்டும் வெளியானதிலிருந்து 60 வருஷம்.