நெம்புகோலும் ஆர்க்கிமிடீஸும்

கடப்பாரையால் பெருங்கல்லைப் புரட்டுகின்றோம். கத்தரிக்கோலால் தகட்டை வெட்டுகின்றோம். சிறு விசை பெரும் பளுவை வெல்லும் காரணத்தை ஆராய்வார் சிலரே. அதனைக் கணித முறையால் நிறுவிய ஆர்க்கிமிடீஸ், கி. மு. 287-ஆம் ஆண்டளவில் சிசிலித் தீவின் சைரக்கூஸ் நகரில், வானநூல் வல்ல பீடியாஸ் என்பார்க்கு மகனாய்ப் பிறந்தார்.

நெம்புகோல் அவர்க்கு முன்னரே வழக்கில் இருந்தது. தாங்குமிடத்திற்கு ஒரு முழத்தில் நிற்கும் 4 மணங்கிற்கு, மறுபுறம் 4 முழத்தில் நிற்கும் 1 மணங்கே ஈடாம் என்னும் விதியை மெய்ப்பித்தவர் அவரே.

உரோமர் முற்றுகையிட்ட காலை அவர் அமைத்த பொறிகள் நகரை நெடுநாள் காத்தன. கி. மு. 212-இல் நகர் வீழ்ந்தது. அவரை உயிருடன் காக்கச் சேனாபதி மார்செல்லஸ் விரும்பியிருந்தும், போர்வீரனொருவன் அம்முதியவரை வெட்டி வீழ்த்தினான். அவர் நாட்டிய விதியோ இன்றும் தராசிலும் கடப்பாரையிலும் நின்று நமக்குப் பணி புரிகின்றது.