சேர் ஹென்றி பார்க்ஸ்

ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் தந்தை எனப்படும் ஹென்றி பார்க்ஸ் 1815இல் இங்கிலாந்தில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தம் கடையும் தொழிலாளி. அரசு உதவியில் கப்பலேறி 1839இல் சிட்னி வந்தார். பள்ளிப்படிப்பு சொற்பம். ஆனாலும் கவிதை எழுதினார், 'எம்பயர்' பத்திரிகை நடத்திக் கடனாளியானார், ஐந்து முறை நியூ சவுத் வேல்சின் முதல்வரானார்.

அமெரிக்கர் போரிட்டுப் பெற்றதை நாம் அமைதியாகவே பெறலாமென்று 1889இல் டென்டர்ஃபீல்டில் பேசினார். அவர் தலைமையில் 1891இல் சிட்னியில் கூடிய மாநாட்டின் வரைவு, அமெரிக்காவைப் பின்பற்றி, மாநிலங்களுக்குச் சம இடமுள்ள செனட் சபையை முன்வைத்தது. 1896இல் வறுமையில் மறைந்தார். கூட்டாட்சி 1901இல்தான் பிறந்தது.

குடியேறியான எனக்கு உறுத்துவது வேறு. தாமும் குடியேறியான இவரே 1888இல் சீனரைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். 1901இல் மெல்பேர்ணில் கூடிய முதல் நாடாளுமன்றமோ நம்மவர்க்கும் சேர்த்தே கதவடைத்தது.