எழுத்தெண்ணிப் படித்தவர்

நூல்களை ஆழக் கற்றோரை எழுத்தெண்ணிப் படித்தவர் என்று போற்றுதல் நம் வழக்கு. அத்தொடரை வகுப்பிலே பன்முறை விளக்கியுள்ளேன். ஆயினும், மெய்யாகவே எழுத்துக்களை ஒவ்வொன்றாக எண்ணிய ஒருவரின் வரலாற்றை, ஒரு தவறு செய்த பின்னரே யான் அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், விடுதி மாணாக்கர் நால்வர் எழுத்துக் கட்டைகளைப் பரப்பி ஆங்கிலச் சொற்களை ஆக்கி விளையாடிக்கொண்டிருந்தனர். தேர்வு நெருங்கிய காலம். வீண்பொழுது எனச் சினந்து, அப்பெட்டியைப் பறித்து அலுமாரியுள் வைத்துப் பூட்டினேன். மாணாக்கர் வாய்திறவாது சென்றனர். அவர் முகவாட்டம் என்னை உறுத்தியது. 'ஸ்கிரபிள்' என்னும் இவ்விளையாட்டை ஆக்கியவர் யாவர் எனத் தேடலானேன்.

ஆல்பிரட் மோஷர் பட்ஸ் 1899 ஆம் ஆண்டு ஏப்ரல் 13 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துப் பொக்கிப்சி நகரிற் பிறந்தார். கட்டடக் கலை பயின்று அத்தொழிலையே மேற்கொண்டார். நாடெங்கும் பொருளாதார மந்தம் பரவிய காலத்தில், 1931 ஆம் ஆண்டில் வேலை இழந்தார். கட்டடம் எழுப்புவார் இல்லாத நாளிலே சொற்களை எழுப்பும் விளையாட்டொன்றை ஆக்க முனைந்தார்.

எந்த எழுத்தை எத்தனை கட்டைகளில் இடுவது என்பதே முதல் வினா. அதற்கு விடை காணப் பத்திரிகைப் பக்கங்களை விரித்து, எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றது என எண்ணிக் குறித்தார். மிகுதியாக வரும் 'ஈ' எழுத்துக்குப் பன்னிரண்டு கட்டைகளும் ஒரு புள்ளியும் அமைந்தன. அருகி வரும் 'கியூ', 'இசட்' என்பவற்றுக்கு ஒவ்வொரு கட்டையும் பத்துப் புள்ளியும் அமைந்தன. பன்மை விகுதியாகி எச்சொல்லோடும் எளிதில் ஒட்டும் 'எஸ்' எழுத்தை நான்கு கட்டைகளோடு நிறுத்தினார். வெறுங்கட்டை இரண்டையுஞ் சேர்த்து மொத்தம் நூறு.

விளையாட்டை வெளியிட வேண்டிய நிறுவனங்கள் அதனை ஏற்கவில்லை, காப்புரிமையும் கிட்டவில்லை. பட்ஸ் தம் கையாலேயே கட்டைகளைச் செய்து நண்பர்க்கு அளித்து வந்தார். அவர் எழுத்துக்கூட்டலில் வல்லவர் அல்லர் என்பதும், முன்னாளில் தமக்கு ஆசிரியையாயிருந்து பின் மனைவியான நீனா அம்மையார் அவரை ஆட்டத்தில் வெல்வார் என்பதும் சுவையான செய்திகள்.

1948 இல் ஜேம்ஸ் புருணோ என்பார் உரிமையைப் பெற்று, இன்றுள்ள பெயரையும் இட்டார். கைவிடப்பட்ட பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றிற் பெட்டிகள் உருவாயின. 1949 இல் 2,400 பெட்டிகள் செய்தும் 450 டொலர் நட்டமே கண்டார். 1952 இன் பின்னரே நிலை மாறியது. சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. பட்ஸ் பெற்றதோ பெட்டிக்குச் சில சதமே. அவர் 1993 ஏப்ரல் 4 இல், தம் தொண்ணூற்று மூன்றாம் அகவையில் மறைந்தார்.

இவற்றை அறிந்தபின் மாணாக்கரை அழைத்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். என் எதிரிலேயே ஆடுமாறும் பணித்தேன். கையிலுள்ள ஏழு கட்டைகளில் ஒருவன் 'ஐ, என், ஜீ' மூன்றையும் வலப்புறம் ஒதுக்கினான். எஞ்சிய நான்கையும் முன்னும் பின்னும் மாற்றி வைத்து, அவ்வீற்றுக்கு இயைந்த வினையடியைத் தேடினான். யான் வியந்தேன். விகுதியைப் பிரித்துப் பகுதியைக் காண்பது நன்னூலின் பதவியலில் யான் வருந்திக் கற்பிக்கும் பாடமன்றோ! அதனை அவன் ஏவுவார் இன்றியே செய்துகொண்டிருந்தான். வீண்பொழுது என்று நான் பூட்டிவைத்தது இதனைத்தான்.

மறுநாள் வகுப்பிலே தமிழ்ப் பத்திரிகைப் பக்கமொன்றைக் கொடுத்து எழுத்துக்களை எண்ணச் சொன்னேன். உயிர்மெய்யை ஒன்றாக எண்ணுவதா, மெய்யும் உயிருமாகப் பிரித்து எண்ணுவதா என்று உடனே பூசல் எழுந்தது. மணி அடித்தும் எவரும் எழுந்திலர். எழுத்தியலை இத்தனை ஆர்வத்தோடு அவர்கள் கற்றதை அன்றுதான் கண்டேன்.