விளக்கம்: பாதி மட்டுமே ஏற்கப்பட்ட ஆதி நாகப்பன் அறிக்கை

பினாங்குத் தீவு மாநகர் மன்ற உறுப்பினர்களை நாம ஏன் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், டான் ஶ்ரீ ஆதி நாகப்பன் பெயர் கட்டாயம் வரும்.

யார் இவர்?

வழக்கறிஞர், செனட்டர், ம.இ.கா. துணைத் தலைவர், பின்னாளில் அமைச்சர். இவர் மனைவி ஜானகி, நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியவர்.

ஆணையம் எதற்கு?

மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் 1951-இல் நடந்தது ஜார்ஜ்டவுனில்தான். 1957-இல் மாநகரான பிறகு, முதல் மேயர் டி.எஸ். ராமநாதன். ஆனா, 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி, நாடு முழுக்க ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. மன்றங்களின் செயல்பாட்டை ஆராய, ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையமும் அதே ஆண்டு அமைந்தது. அடுத்த ஆண்டே ஜார்ஜ்டவுன் மன்றத்தின் அதிகாரம் முதலமைச்சர் கைக்குப் போனது.

என்ன பரிந்துரைத்தார்?

அப்போ தீபகற்பத்தில் 370-க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்கள். அவற்றை மறுசீரமைக்க வேண்டும், ஆனா தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே நிர்வகிக்க வேண்டும் என்பது ஆணையத்தின் நிலை. 1968-இல் முடிந்த அறிக்கை, 1971-இல்தான் வெளியானது.

பிறகு?

1976 ஊராட்சி மன்றச் சட்டம் மறுசீரமைப்பை எடுத்துக்கொண்டது, தேர்தலை விட்டுவிட்டது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை வந்தது. பினாங்கில் தீவு முழுதுக்கும் ஒரே நகராண்மைக் கழகம். ஆதி நாகப்பன் காலமானதும் அதே ஆண்டில்தான்.

தேர்தலைத் திரும்பக் கொண்டுவர பினாங்கு 2012-இல் சட்டம் இயற்றியது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவரது அறிக்கையின் மறுபாதி இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது.