பீதோவன் பிறந்த ஆண்டு

தம் குடிவழியை எழுதப் புகும் நம்மவருட் சிலர், ஒரே பெயருடையார் இருவர் வருமிடத்து இடர்ப்பட்டு எம்மை வினவுவதுண்டு. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடும் நமக்கு இவ்விடர் புதிதன்று. மேனாட்டு இசைப்பெரும்புலவர் லுட்விக் வான் பீதோவன் வாழ்விலும் இஃது உண்டாயிற்று.

இவர் செருமானிய நாட்டுப் பான் நகரிற் பிறந்தவர். பாட்டனார் லுட்விக் என்பார் அந்நகரில் அரசு வீற்றிருந்த கொலோன் பேராயரின் அவையில் இசைத்தலைவர். தந்தையார் யோகான் அவ்வவைப் பாடகர். குழந்தைக்கு 1770-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் ஞானஸ்நானம் செய்வித்தமை புனித ரெமிகியுஸ் கோயிற் பதிவேட்டிற் காணப்படுகின்றது. பிறந்த நாள் குறிக்கப்படவில்லை. பிறந்த ஓரிரு நாளிலேயே அச்சடங்கை நிகழ்த்துதல் அங்கு வழக்காதலின், 16-ஆம் நாள் பிறந்திருத்தல் கூடும் என்பர் அறிஞர்.

1778-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் கொலோன் நகரில் மைந்தனை அரங்கேற்றிய தந்தையார், வயது ஆறு என்று விளம்பரஞ் செய்தார். அப்பொழுது ஏழு நிரம்பியிருந்தது. மகனை மொத்சார்ட்டு போன்ற இளமேதையாகக் காட்டக் கருதினார் என்பார் பலர். பள்ளியிற் சேர்க்கும் நாளிற் பிள்ளையின் வயதைக் குறைத்துரைக்கும் தந்தையரை யாமும் கண்டிருக்கின்றோம்!

வியன்னாவிற் புகழோங்கி வாழ்ந்த பீதோவன், தாம் 1772-இற் பிறந்ததாகவே நம்பினார். 1810-இல், மணஞ்செய்துகொள்ளும் எண்ணமுடையராய், ஞானஸ்நானச் சான்றிதழை வாங்கி விடுக்குமாறு தம் பழைய நண்பர் வெகெலருக்கு எழுதினார். தமக்கு முன் லுட்விக் என்னும் பெயருடைய தமையன் ஒருவன் பிறந்தமையால், அவன் சான்றைத் தமதென்று மயங்கற்க எனவும் அறிவுறுத்தினார். வந்த சான்றில் 1770 என்றிருந்தது. அதனை அவர் ஏற்றிலர். அது தமையனதாதல் வேண்டும் எனக் கருதி, அத்தாளின் புறத்தே பிழையென்று குறித்து வைத்தார்.

தமையன் இருந்தது மெய்யே. லுட்விக் மரியா என்னும் அம்மகவுக்கு 1769-ஆம் ஆண்டு ஏப்பிரல் 2-ஆம் நாள் ஞானஸ்நானம் ஆயிற்று. ஆறு நாளில் அஃது இறந்தது. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த மகனுக்கும் பெற்றோர் இட்டனர். பிறப்போடு அவ்விறப்பையும் சேர்த்து நோக்கின், இருபது திங்கள் கழித்து எழுதப்பெற்ற பதிவு இறந்த குழந்தையினதாதல் யாங்ஙனம்? ஐயம் இவ்வளவில் தீர்ந்தது. பீதோவனோ பிறப்புச் சான்றொன்றை மட்டுமே வருவித்தார்; தமையன் இறந்த நாளைத் தேடினாரல்லர்.

கருதிய மணமும் கைகூடவில்லை. 1827-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் நாள் வியன்னாவில் அவர் உயிர் துறந்தார். பான் நகரப் பதிவேட்டின்படி அப்பொழுது அவருக்கு வயது 56. அவர் தாமே கொண்டிருந்த கணக்கின்படி 54.