பூமிக்கு வயது என்ன? பல்லாவரத்தில் கிடைத்த ஒரு கல்லின் கதை

வருசநாட்டு மலை வைகை ஆற்றின் தாய்வீடு. மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் சிறுவன் ஒரு கரும்பாறை மேல் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். அவனுடைய தாத்தாவும் அதே பாறை மேல் உட்கார்ந்து கஞ்சி குடித்தவர்தான்.

அந்தப் பாறைக்கு என்ன வயது?

அறிஞர்கள் சொல்லும் கணக்கு தலையைச் சுற்ற வைக்கும். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல்!

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லாவரம் குன்றும் இதே இனத்துப் பாறைதான். இதற்குச் "சார்னோகைட்" என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை இருக்கிறது. அதில் பதித்த கல் இந்த இனத்தைச் சேர்ந்தது. அதனால் 1893-ம் ஆண்டில் இப்படிப் பெயர் வைத்தார்கள்.

அந்தப் பல்லாவரத்தில், 1863-ம் ஆண்டில், ஒரு வாலிபர் தரையில் கிடந்த ஒரு சிறு கல்லைக் குனிந்து எடுத்தார். அது குன்றில் இருந்து உடைந்த கல் அல்ல. மனிதன் கையால் செதுக்கிய கல்.

உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுதான் ஆகிறது என்று கோடிக்கணக்கான கிறிஸ்தவர்கள் நம்பிய காலம் அது. அந்தச் சிறு கல் அந்த நம்பிக்கையோடு மோதியது.

கல்லை எடுத்தவரும் கிறிஸ்தவர். அதுமட்டும் அல்ல, பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்த பாதிரியாரின் மருமகன்! அவர் பெயர் ராபர்ட் புரூஸ் பூட்.

யார் இந்த புரூஸ் பூட்?

இங்கிலாந்தில் செல்ட்டன்காம் என்ற ஊரில், 1834-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி பிறந்தார். அமெரிக்க மிஷன் பாதிரிமார் மதுரைக்கு வந்து தங்கியதும் அதே ஆண்டில்தான்.

24-வது வயதில், 1858-ல், இந்திய நிலவியல் ஆய்வு இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னை ராஜதானியில் வேலை. எந்த ஊரில் என்ன பாறை, எங்கே என்ன மண் என்று பார்த்துப் படம் வரைய வேண்டும்.

மாட்டு வண்டியும் குதிரையும் கூடாரமும் துணை. வெயிலும் காய்ச்சலும் கூடவே வரும். இப்படியே 33 ஆண்டுகள் நாட்டைச் சுற்றினார். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நில அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1883-ல் வெளிவந்தது. இன்றைய தேனி மாவட்டம் அப்போது மதுரை மாவட்டத்துக்குள் அடங்கி இருந்தது.

ஆறாயிரம் ஆண்டு எப்படி வந்தது?

பைபிளின் முதல் புத்தகம் ஆதியாகமம். கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்து, ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்று அது தொடங்குகிறது. ஆனால் அது எந்த ஆண்டு என்று அதில் எழுதி இருக்கவில்லை.

அந்த ஆண்டைக் கண்டுபிடிக்கப் பலர் முயன்றார்கள். அவர்களில் பெயர் பெற்றவர் அயர்லாந்து நாட்டின் பேராயர் ஜேம்ஸ் அஷர். ஆதாம் எத்தனை வயதில் பிள்ளை பெற்றார், அந்தப் பிள்ளை எத்தனை வயதில் பிள்ளை பெற்றார் என்று பைபிளில் உள்ள வம்ச வரிசையைக் கூட்டினார். பழைய அரசர்களின் ஆண்டுகளையும் சேர்த்தார். கிறிஸ்து பிறப்பதற்கு 4,004 ஆண்டுகளுக்கு முன் உலகம் படைக்கப்பட்டது என்று 1650-ல் நூல் எழுதினார்.

1701-ம் ஆண்டு முதல் இங்கிலீஷ் பைபிள்களில் இந்தக் கணக்கை ஓரத்தில் அச்சடித்தார்கள். வேத வசனத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண் இருந்தது. நாளடைவில் ஜனங்கள் எண்ணையும் வேதமாகவே நினைத்துவிட்டார்கள்!

நம் நாட்டுப் பஞ்சாங்கத்தில் யுகக் கணக்கு லட்சக்கணக்கில் போகும். அதைக் கேட்டுப் பழகியவர்களுக்குப் பெரிய எண் ஆச்சரியம் தராது. ஆனால் ஓரத்தில் 4,004 என்று அச்சடித்த பைபிளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அது வீட்டையே ஆட்டும் செய்தி.

பாதிரியார் வீட்டு மருமகன்

புரூஸ் பூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல் பாதிரியார். தமிழர்கள் மறக்கக்கூடாத மனிதர்.

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணையாக இருந்தவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் சைவத்தின் தூணாக விளங்கிய ஆறுமுக நாவலர்!

பிறகு பெர்சிவல் சென்னைக்கு வந்தார். 1855-ல் "தினவர்த்தமானி" என்ற தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஆறாயிரத்துக்கும் அதிகமான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டிப் புத்தகம் போட்டார்.

மாமனார் கையில் வேதப் புத்தகம். மருமகன் கையில் பாறை உடைக்கும் சுத்தியல். இரண்டும் ஒரே குடும்பத்தில் இருந்தன.

சரளைக் குழியில் என்ன கிடைத்தது?

1863-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி. கோடைக் காலம்.

பல்லாவரத்தில் ராணுவ மைதானத்துக்குப் பக்கம் சரளைக் கல் எடுப்பதற்காகக் குழி தோண்டி இருந்தார்கள். சில அடி ஆழம்தான். வெளியே வாரிப் போட்ட சரளைக் குவியலைப் புரூஸ் பூட் பார்த்தார். அதில் ஒரு கல் வேறு மாதிரி இருந்தது. இரு பக்கமும் செதுக்கி, ஓரம் கூர்மையாக இருந்தது.

அது கற்கோடாரி. இரும்பையே அறியாத மனிதன் செய்த ஆயுதம். இந்தியாவில் பழைய கற்கால மனிதனின் கருவி என்று முதன்முதலில் அறிந்து சொல்லப்பட்ட கல் அதுதான்.

அவருக்கு மட்டும் எப்படி அது கண்ணில் பட்டது? பிரான்ஸ் நாட்டில் சோம் நதிக்கரையில் இப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருந்தன. 1859-ல் இங்கிலாந்து அறிஞர்கள் அங்கே போய்ப் பார்த்து, அவை மிகப் பழைய மனிதர்கள் செய்தவை என்று உறுதி செய்தார்கள். அந்தச் செய்தியைப் படித்திருந்ததால் புரூஸ் பூட்டின் கண் அதைத் தேடியது.

அந்தக் கல் பழையது என்று எப்படிச் சொல்வது? கிணறு வெட்டுகிறவர்களுக்கு இது தெரியும். மேலே மண். அதற்குக் கீழே சரளை. அதற்கும் கீழே பாறை. அடியில் இருப்பது முந்தியது. மேலே இருப்பது பிந்தியது. செம்புராங்கல் சரளை சேர்ந்த காலத்திலேயே மனிதன் இருந்திருந்தால், அவன் மிக மிகப் பழையவன்.

அதே ஆண்டில் ஆப்பிரிக்காவில்...

இந்த விஷயத்தில் வாய் திறப்பது அந்த நாளில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம்.

தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் பகுதியின் பிஷப் ஜான் கொலென்சோ. 1860 முதல் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழர்கள் கப்பல் ஏறிப் போனார்களே, அதே நேட்டால்தான். கொலென்சோ, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகம் எழுதிப் பெயர் பெற்றவர்.

அவர் ஜூலு மொழியில் பைபிளை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தார். நோவா காலத்து வெள்ளத்தின் கதை வந்தது. உதவிக்கு இருந்த ஜூலு மனிதர், இதெல்லாம் உண்மையாகவே நடந்ததா என்று கேட்டுவிட்டார். நிலவியல் படித்திருந்த பிஷப்பால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஆராய்ந்து பார்த்து 1862-ல் புத்தகம் வெளியிட்டார்.

கிறிஸ்தவ உலகமே கொதித்தது. 1863-ம் ஆண்டின் கடைசியில் கேப்டவுனில் அவரை விசாரித்துப் பதவியில் இருந்து நீக்கினார்கள். 1865-ல் லண்டன் உயர் நீதிசபை அந்த நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் சண்டை ஓயவில்லை.

பல்லாவரத்தில் கல் கிடைத்ததும் இந்த விசாரணை நடந்ததும் ஒரே ஆண்டில்!

"நாள்" என்றால் என்ன?

எதிர்த்தவர்கள் எல்லாரும் அறிவில்லாதவர்கள் என்று நினைக்கக்கூடாது. அவர்களுடைய பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது. வேதத்தின் முதல் பக்கத்தை அப்படியே எடுத்துக் கொள்ளாவிட்டால், அடுத்த பக்கத்தை யார் நம்புவார்கள்? ஆதாம் கதை என்ன ஆகும்? எங்கே நிறுத்துவது? இதுதான் அவர்கள் கேள்வி.

மற்ற கிறிஸ்தவர்கள் வேறு வழி சொன்னார்கள். ஸ்காட்லாந்தில் தாமஸ் சால்மர்ஸ் என்ற போதகர், ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவில் நீண்ட காலம் கழிந்திருக்கலாம் என்றார். கல் தச்சராக இருந்து அறிஞரான ஹியூ மில்லர், ஆறு நாள் என்பது ஆறு நீண்ட யுகங்கள் என்றார்.

தமிழிலும் அப்படித்தானே? "அந்த நாளில்" என்று பாட்டி கதை சொல்கிறாள். அது ஒரு பகலும் ஒரு இரவும் மட்டுமா? ஒரு காலத்தையே அல்லவா சொல்கிறாள்!

இது புது யோசனையும் அல்ல. படைப்பின் நாட்கள் நம்முடைய சாதாரண நாட்களைப் போன்றவை அல்ல என்று, 1,600 ஆண்டுகளுக்கு முன்பே அர்ச். அகஸ்தீன் எழுதி இருக்கிறார்.

மனம் மாறிய பாதிரிமாரும் உண்டு. ஆக்ஸ்போர்டில் வில்லியம் பக்லண்டு என்ற பாதிரியார், குகைகளில் கிடைத்த எலும்புகள் நோவா வெள்ளத்துக்குச் சாட்சி என்று 1823-ல் புத்தகம் எழுதினார். மேலும் ஆராய்ந்த பிறகு, 1836-ல் அந்தக் கருத்தைத் தாமே கைவிட்டார். தாம் எழுதியது தவறு என்று ஒப்புக்கொள்ள எவ்வளவு மனத் துணிவு வேண்டும்!

ஆகவே இது கிறிஸ்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த சண்டை அல்ல. ஒரே வேதத்தை எப்படிப் படிப்பது என்று கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் நடத்திய வழக்கு.

அத்திரம்பாக்கம்

ஒரே ஒரு கல் கிடைத்தால் யார் நம்புவார்கள்? தானாக உடைந்த கல் என்று சொல்லிவிடலாம். மேலே இருந்து குழியில் விழுந்தது என்றும் சொல்லலாம்.

புரூஸ் பூட் வாதாடவில்லை. மேலும் தேடினார்.

அதே 1863-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, வில்லியம் கிங் என்ற சக அதிகாரியுடன் அத்திரம்பாக்கம் போனார். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், கொற்றலையாற்றின் பக்கம் உள்ள சிற்றூர் அது. அங்கே கற்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. இனி ஒரு கல்லின் சாட்சி அல்ல; ஒரு கூட்டமே சாட்சி சொன்னது.

எல்லாவற்றையும் அளந்து, படம் வரைந்து, 1866-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

1884-ல் கர்நூல் பக்கம் பில்லசுர்க்கம் குகைகளைத் தோண்டினார். உதவிக்கு இருந்தவர் அவர் மகன் ஹென்றி, ராணுவ அதிகாரி. பெர்சிவல் பாதிரியாரின் பேரன் பழைய மனிதனைத் தேடிக் குகை தோண்டினார்!

கடைசிக் காலம்

1891-ல் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். பிறகு பரோடாவிலும் மைசூரிலும் சமஸ்தான வேலை பார்த்தார். ஏற்காட்டில் வீடு. பெர்சிவல் பாதிரியார் 1882-ல் காலமானதும் அதே ஏற்காட்டில்தான்.

ஆயிரக்கணக்கில் திரட்டிய கற்களையும் பானை ஓடுகளையும் 1904-ல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் வாங்கியது. அவற்றுக்குப் பட்டியலும் விளக்கமும் எழுதும் வேலையை முதுமையிலும் அவர் விடவில்லை. அந்த நூல்கள் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் காலமானார்.

அவருடைய அஸ்தியை எங்கே வைத்தார்கள்? ஏற்காட்டில், ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில்! உலகம் ஆறாயிரம் ஆண்டுக்கு மிக முந்தியது என்று காட்டும் கல்லை எடுத்தவருக்குத் தேவாலயத்திலேயே இடம் கிடைத்தது.

இன்று என்ன சொல்கிறார்கள்?

எது முந்தியது, எது பிந்தியது என்று புரூஸ் பூட்டால் சொல்ல முடிந்தது. எத்தனை ஆண்டு என்று எண்ணிச் சொல்ல அந்தக் காலத்தில் வழி இல்லை.

இப்போது வழி இருக்கிறது. சாந்தி பப்பு அம்மையாரின் ஆராய்ச்சிக் குழு அத்திரம்பாக்கத்தில் மறுபடியும் தோண்டியது. புதைந்து கிடக்கும் கல்லில் சில அணுக்கள் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும். அதை அளந்து பார்த்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. அந்தக் கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு! பூமிக்கோ 454 கோடி ஆண்டு.

கிறிஸ்தவர்களுக்குள் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஆறாயிரம் ஆண்டுக் கணக்கையே பிடித்துக் கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். 1961-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புத்தகம் அந்தக் கொள்கைக்குப் புது வலிமை கொடுத்தது. பூமி மிகப் பழையது என்பதை ஏற்றுக்கொண்டு, அதே பக்தியோடு ஜெபம் செய்கிறவர்களும் ஏராளம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. 4,004 என்ற எண் வேதத்தில் எழுதி இருந்த எண் அல்ல. படித்த மனிதர் ஒருவர் கூட்டிப் போட்ட கணக்கு. மனிதன் போட்ட கணக்கை மனிதன் திருத்தலாம். 

வருசநாட்டுச் சிறுவன் கஞ்சிக் கலயத்தைக் கழுவி வைத்துவிட்டு ஆடுகளை ஓட்டுகிறான். பாறை அங்கேயே இருக்கிறது. கோவிலுக்குப் போகிறவனும், தேவாலயத்துக்குப் போகிறவனும், பள்ளிவாசலுக்குப் போகிறவனும் அதன் மேல் உட்கார்ந்து இளைப்பாறலாம். தன் வயதை அது யாரிடமும் மறைக்கவில்லை. குனிந்து பார்க்கத்தான் ஆள் வேண்டும்.