நைலான் தந்தவர் ஓரங்கட்டிய பிளாஸ்டிக்... இன்று உலகமே தேடுவது அதைத்தான்! யார் இந்த வாலஸ் கரோதர்ஸ்?

மக்கும் கப், கம்போஸ்ட் கவர், 3டி பிரிண்டரில் மாட்டும் இழை... இவற்றில் பலவும் பி.எல்.ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமிலத்தால் செய்தவை. அதில் செய்த கப்பைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போதும், பட்டுனு விரிசல் விட்டுடும். இதை உடையாத பொருளாக மாற்ற என்ன வழி? பதிலைத் தேடிப் போனால், 90 வருடங்களுக்கு முன்பு நைலானைக் கண்டுபிடித்த ஒரு மனிதரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கு.

வாத்தியார் வேலையை விட்டவர்

வாலஸ் கரோதர்ஸ் 1896-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தார். அப்பா வணிகக் கல்லூரி ஆசிரியர். மிசௌரியில் உள்ள சிறிய கல்லூரி ஒன்றில் படிக்கும்போதே சக மாணவர்களுக்கு வேதியியல் பாடம் எடுத்தவர் இவர். 1924-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு ஹார்வர்டில் ஆசிரியர் பணி.

1928-ல் டுபான்ட் நிறுவனம் அவரை அழைத்தது. லாபத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அடிப்படை ஆராய்ச்சி செய்யலாம், சம்பளமும் ஹார்வர்டை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் அவர் தயங்கினார். காரணம், இளம் வயதிலிருந்தே அவரை விடாமல் துரத்திய மன அழுத்தம். அதை மறைக்காமல் நிறுவனத்திடமே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார். மனநோயைப் பற்றி வெளியே பேசவே கூசிய காலம் அது.

வராந்தாவில் ஓடிய நூல்

ரப்பர், பட்டு போன்றவை நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவையா, இல்லை சின்ன மூலக்கூறுகள் ஒட்டிக்கிடக்கும் கூட்டமா என்று அப்போது விஞ்ஞானிகளிடையே பெரிய சண்டை. சங்கிலியை நானே ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துக் காட்டுகிறேன் என்று இறங்கினார் கரோதர்ஸ். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் எஸ்டர் பிணைப்பு உருவாகும், கூடவே தண்ணீரும் வரும். அந்தத் தண்ணீரை முழுசாக வெளியேற்றினால்தான் சங்கிலி நீளும்.

1930 ஏப்ரலில் அவரது குழுவில் இருந்த ஜூலியன் ஹில் அதைச் சாதித்தார். உருகிய பாலியெஸ்டரில் குச்சியை விட்டு இழுத்தால் நூலாக வந்தது. ஆறிய பிறகு இன்னும் இழுத்தால் பளபளப்பும் பலமும் கூடியது. இழுக்க இழுக்க சங்கிலிகள் ஒரே திசையில் வரிசையாக நிற்பதுதான் அதற்குக் காரணம். எவ்வளவு தூரம்தான் நீளுது பார்ப்போம் என்று வராந்தாவில் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நியோபிரீன் எனும் செயற்கை ரப்பர் பிறந்ததும் இதே குழுவில், அதே மாதத்தில்தான்!

ஆனால் அந்தப் பாலியெஸ்டர் நூல் துணிக்கு ஆகவில்லை. வெந்நீர், இஸ்திரிப் பெட்டி எதையும் தாங்காது. தண்ணீர் பட்டால் எஸ்டர் பிணைப்பு மெல்ல அறுந்துபோகும். 1932-ல் லாக்டைடு வளையத்தைத் திறந்து சங்கிலியாக்கியது பற்றியும், 1934-ல் கேப்ரோலாக்டோன் பற்றியும் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டும் எஸ்டர் சங்கிலிகள்தான், துணிக்கு உதவாத அதே ரகம். பிறகு குழு எஸ்டரை விட்டு அமைடு பிணைப்புக்குத் தாவியது. 1935 பிப்ரவரி 28-ல் நைலான் பிறந்தது.

வெற்றியைப் பார்க்காமலே...

1936-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக உறுப்பினர் ஆனார், அதே வருடம் திருமணம். ஆனால் தான் தோற்றுப்போனவன் என்ற எண்ணம் மட்டும் அவரை விடவில்லை. மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தார். 1937 ஜனவரியில் பாசத்துக்குரிய தங்கை இறந்துபோனது பேரிடி. நைலான் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்றே வாரத்தில், ஏப்ரல் 29-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 41. மகள் பிறந்தது ஏழு மாதம் கழித்து. (மனச்சோர்வு இருந்தால் தயங்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் பேசலாம்.)

நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1938 அக்டோபரில். அவரிடம் வேலை பார்த்த பால் ஃபுளோரிக்கு 1974-ல் நோபல் பரிசு கிடைத்தது.

குறையே வரமானது எப்படி?

தண்ணீரில் அறுந்துபோகும் அந்தப் பிணைப்புதான் மக்கும் பிளாஸ்டிக்கின் உயிர்நாடி. மிச்சமிருந்த பிரச்னை, உடையும் குணம். பி.எல்.ஏ சுமார் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கண்ணாடி மாதிரி விறைத்திருக்கும். பாலிகேப்ரோலாக்டோனோ மைனஸ் 60 டிகிரி வரை விறைக்காது. இரண்டின் கண்ணிகளையும் ஒரே சங்கிலியில் கோத்தால் அது கோபாலிமர்.

கண்டபடி கலந்து கோத்தால் மொத்தமும் தொளதொளவென்று ஆகி, பலம் போய்விடும். எனவே நடுவில் நீளமான மென்மைத் துண்டு, இரு முனையிலும் விறைப்பான துண்டு என்று வடிவமைக்கிறார்கள். மென்மைத் துண்டுகள் தனித்தனித் திட்டுகளாக ஒதுங்கும், அடி விழுந்தால் நீண்டுகொடுத்து விரிசலைத் தடுக்கும். சங்கிலி ஒன்றே என்பதால் இரண்டு பகுதியும் பிரிந்து போகவும் முடியாது.

எஸ்டர் கோபாலிமர் ஏற்கெனவே பலருடைய உடம்புக்குள் போய் வந்ததுதான். ஆபரேஷன் முடிந்து போடும், தானாகக் கரையும் தையல் நூல் சந்தைக்கு வந்தது 1974-ல். அது 90 சதவீதம் கிளைகோலைடு, 10 சதவீதம் லாக்டைடு.

ஒரு விஷயம், பி.எல்.ஏ கப் மக்கும்தானே என்று ரோட்டோரம் வீசிடாதீங்க. சுமார் 60 டிகிரி சூடு இருக்கும் தொழில்முறை உரக்கூடத்தில்தான் அது சீக்கிரம் மக்கும்.

அன்று நூலை இழுத்த ஜூலியன் ஹில், 91 வயது வரை வாழ்ந்து 1996-ல் மறைந்தார். மனிதர்கள் பிளாஸ்டிக்கில் மூழ்கிப் போவார்களோ என்று கடைசி வருடங்களில் அவரே கவலைப்பட்டிருக்கிறார்.